எம்ஜிபி காரில் ஷாக் மாற்றப் போகிறீர்களா? முதலில் ஜாக்கியை எங்கே வைக்கப் போகிறீர்கள் என்று சொல்லுங்கள்

தம்பி கேட்டது இதுதான். இங்கிலாந்தில் ஸ்லவ் பக்கம் இருக்கிறார், போன மாதம் 1971-ஆம் வருட எம்ஜிபி ரோட்ஸ்டர் (எம்ஜி கம்பெனியின் பழைய திறந்த ஸ்போர்ட்ஸ் கார்) ஒன்றை வாங்கியிருக்கிறார். வேகத்தடையில் ஏறி இறங்கினால் காரின் மூக்கு இரண்டு மூன்று முறை தலையாட்டிவிட்டுத்தான் அடங்குகிறது, இடது முன்சக்கரம் பள்ளத்தில் விழுந்தால் 'டொக்' என்று சத்தம், உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தால் ஷாக் அப்சார்பர் எண்ணெய்க் குளியல் போட்ட மாதிரி இருக்கிறது. நண்பர் ஒருவர், "இந்தப் பழைய லீவர் ஷாக்கை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு நாலு பக்கமும் டெலஸ்கோபிக் கிட் மாட்டு" என்கிறார். எதை வாங்குவது, வீட்டு வாசலில் வைத்தே மாற்ற முடியுமா?

வாசலில் வைத்தே மாற்றலாம். நான் கவன்ட்ரியில் என் 1972 எம்ஜிபி ஜிடி-க்கு (அதே கார், கூரை போட்டது) அப்படித்தான் மாற்றினேன், முன்பக்கம் ஒரு சனிக்கிழமை, பின்பக்கம் அடுத்த சனிக்கிழமை. (ஊரில் அம்மாவிடம் போனில் எம்ஜிபி வாங்கியிருக்கிறேன் என்று சொன்னபோது, "எம்ஜிஆர் காரா?" என்று கேட்டார். திருத்த மனம் வரவில்லை.) கிட் மட்டும் இப்போதைக்கு வாங்காதீர்கள். ஏன் என்று கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் நண்பர் சொல்வதில் ஒரு விஷயம் அடிப்படையிலேயே இடிக்கிறது.

இப்போதைய கார்களில் ஷாக் என்பது தனி உருப்படி. ஒரு குழாய், உள்ளே பிஸ்டன், மேலே ஒரு போல்ட், கீழே ஒரு போல்ட். டெலஸ்கோபிக் என்பது இதுதான். எம்ஜிபி-யின் முன்பக்கம் அப்படி இல்லை. அங்கே ஷாக் என்பது கிராஸ்மெம்பரின் (காரின் அடியில் குறுக்கே போகும் இரும்புச் சட்டம்) மேல் நான்கு போல்ட்டில் உட்கார்ந்திருக்கும் ஒரு கனமான வார்ப்புப் பெட்டி. அதிலிருந்து இரண்டு கைகள் (லீவர் என்பது இதைத்தான்) வெளியே நீண்டு, நுனியில், சக்கரம் திரும்பும் அச்சான கிங் பின்னின் தலையைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. சக்கரம் ஏறி இறங்க, கை ஏறி இறங்கும். கை ஒரு ஷாஃப்டைத் திருப்பும். ஷாஃப்ட் பெட்டிக்குள் இரண்டு பிஸ்டன்களைத் தள்ளும். எண்ணெய் ஒரு சிலிண்டரிலிருந்து இன்னொன்றுக்கு வால்வு வழியாகத் திணறித் திணறிப் போகும். அந்தத் திணறல்தான் ஷாக் செய்யும் வேலை. ஆனால் அந்தக் கைக்கு இன்னொரு வேலையும் உண்டு: சஸ்பென்ஷனின் மேல் விஷ்போனே (சக்கரத்தை மேல்பக்கம் பிடித்திருக்கும் கை) அதுதான். வேறு மேல் விஷ்போன் கிடையாது. ஷாக்கைக் கழற்றினால் சக்கரத்தை மேலே பிடித்துக்கொள்ள ஆள் இல்லை.

இந்த அமைப்பு எம்ஜிபி-க்கென்று புதிதாக வரைந்தது இல்லை. பிற்பாடு மினியை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ், சக பொறியாளர் ஜாக் டேனியல்ஸுடன் சேர்ந்து இரண்டாம் உலகப் போருக்கு முன்பே வரைந்தது. 1947-ல் வந்த எம்ஜி ஒய் டைப் காரில் முதலில் விற்பனைக்கு வந்து, எம்ஜிஏ வழியாக 1962-ல் எம்ஜிபி-க்கு இறங்கி, 1980-ல் ஆபிங்டன் தொழிற்சாலையை மூடும்வரை அப்படியே ஓடியது. ஷாக் மட்டும் யார்க்ஷயரின் பெவர்லியில் இருந்த ஆர்ம்ஸ்ட்ராங் நிறுவனத்தின் சரக்கு. மோரிஸ் மைனரிலும் முன்பக்கம் இதே சங்கதிதான், மேல் கையாக இருப்பது ஷாக்கின் கை. எங்கள் எதிர்வீட்டு யாழ்ப்பாணத்து அண்ணன் என் காரின் சக்கரத்தைக் கழற்றிப் போட்டிருந்ததைப் பார்த்துவிட்டு, "இது எங்கட அப்பாவின்ர மைனர்ல இருந்த சாமானல்லோ" என்று சாலையைத் தாண்டி வந்தார். வந்தவர் மாலைவரை போகவில்லை. ஆளுக்கு மூன்று டீ.

சரி, உங்கள் நண்பரின் யோசனைக்கு வருவோம். முன்பக்கத்துக்கு விற்கிற டெலஸ்கோபிக் கிட்டுகளில் மலிவானவை எப்படி வேலை செய்கின்றன என்றால், பழைய லீவர் பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு, உள்ளே வால்வைச் செயலிழக்கச் செய்துவிட்டு, பக்கத்தில் ஒரு குழாய் ஷாக்கைக் கூடுதலாக மாட்டுகின்றன. பெட்டியும் கையும் விஷ்போனாகத் தொடரும். உங்கள் காரில் அந்தப் பெட்டியின் ஷாஃப்டே தேய்ந்து ஆடிக்கொண்டிருந்தால், புது ஷாக் மாட்டியும் அந்த ஆட்டம் அப்படியே இருக்கும். ஓட்டை விழுந்த குடத்துக்குப் பக்கத்தில் புதுக் குடம் வைத்த கதைதான். மேல் கையையே மாற்றி, காயில் ஸ்பிரிங்கோடு சேர்ந்த ஷாக் போடும் பெரிய கிட்டுகளும் உண்டு. அவை பந்தயக்காரர்களுக்கான விலையில் வருகின்றன, காரின் குணத்தையே மாற்றிவிடும். ஞாயிற்றுக்கிழமை ஆக்ஸ்ஃபர்ட்ஷயர் பக்கம் ஓட்டிவிட்டு வர அது எதற்கு?

லீவர் ஷாக் என்றாலே மட்டம் என்று ஒரு பேச்சு உண்டு. என் அபிப்பிராயம், அது பாதி அநியாயம். ஐம்பது வருடம் ஓடி, எண்ணெய் வற்றி, ஷாஃப்ட் தேய்ந்து கிடக்கும் ஒன்றைக் கழற்றிவிட்டு, பெட்டியிலிருந்து நேற்று எடுத்த புதிய டெலஸ்கோபிக்கை மாட்டிவிட்டு, "ஆகா, எவ்வளவு வித்தியாசம்" என்கிறார்கள். நன்றாகப் பிரித்துக் கோத்த லீவர் ஷாக்கை மாட்டிப் பார்த்தாலும் இதே ஆகாதான் வரும். பந்தயத் தடத்தில் சுற்றிச் சுற்றி ஓட்டினால் சின்னப் பெட்டியில் இருக்கும் கொஞ்சம் எண்ணெய் சூடேறி இளகும், அது உண்மை. நீங்கள் பந்தயம் ஓட்டப் போவதில்லையே.

வாங்குவதற்கு முன்னால் நோயை உறுதி செய்துகொள்ளுங்கள். மூலையை அழுத்திவிட்டு எத்தனை முறை குதிக்கிறது என்று எண்ணும் சோதனை, முழுக்கச் செத்துப்போன ஷாக்கை மட்டும்தான் காட்டிக்கொடுக்கும். உங்களுடையது அந்தக் கட்டத்தில் இருக்கிறது என்றே தோன்றுகிறது, ஆனால் 'டொக்' சத்தம் தனி விஷயம். முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, உச்சியிலும் அடியிலும் பிடித்து முன்னும் பின்னுமாக ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் இன்னொருவரை உள்ளே உட்கார வைத்து பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். பிரேக் மிதித்ததும் ஆட்டம் போய்விட்டால் சக்கர பேரிங். போகவில்லை என்றால் கிங் பின், கீழ் புஷ்கள், மேல் ட்ரனியன் (கிங் பின்னின் தலையை ஷாக்கின் கைகளோடு இணைக்கும் துண்டு) புஷ், அல்லது ஷாக்கின் ஷாஃப்ட். இப்போது டார்ச்சை ஷாஃப்ட் பெட்டிக்குள் நுழையும் இடத்தில் அடித்துக்கொண்டு ஆட்டச் சொல்லுங்கள். கை மேலும் கீழும் போவது இயல்பு. ஷாஃப்டே பெட்டிக்குள் பக்கவாட்டில் அசைகிறது என்றால் வழக்கு முடிந்தது. எண்ணெய் கசிவதும் அந்த வழியாகத்தான். சீல் போனதால் கசிகிறது என்று நினைப்பார்கள். பெரும்பாலும் ஷாஃப்ட் ஆடி ஆடித்தான் சீலைக் கொன்றிருக்கும். அப்புறம் அந்த நான்கு போல்ட்டும் இறுக்கமாக இருக்கின்றனவா என்று ஸ்பேனர் போட்டுப் பாருங்கள், சில கார்களில் சத்தத்துக்குக் காரணம் வெறும் தளர்ந்த போல்ட்தான். டயரில் காற்றையும் பாருங்கள்: 165 ரேடியல் டயருக்குக் கையேடு சொல்வது முன்னால் 21, பின்னால் 24 பிஎஸ்ஐ. டயர் கடைக்காரர் பழக்க தோஷத்தில் 32 அடித்து அனுப்பிவிட்டால் எந்த ஷாக் போட்டாலும் மாட்டு வண்டி மாதிரிதான் குதிக்கும்.

எண்ணெய் குறைந்திருந்தால் ஊற்றிப் பார்க்கலாம், அது ஒரு மாலை வேலை. பெட்டியின் தலையில் ஒரு ஃபில்லர் பிளக் இருக்கும். திறப்பதற்கு முன் அதைச் சுற்றி கம்பி பிரஷ்ஷும் துணியும் வைத்து நன்றாகத் துடையுங்கள். ஐம்பது வருட மண்ணில் ஒரு சிட்டிகை உள்ளே விழுந்தாலும் வால்வில் போய் உட்கார்ந்துவிடும். தொழிற்சாலை சொன்னது ஆர்ம்ஸ்ட்ராங் 624 என்ற மெல்லிய எண்ணெய். அது கிடைக்காவிட்டால் எஸ்ஏஇ 20 தர மினரல் எண்ணெய். இன்று பலரும் ஊற்றுவது மோட்டார் சைக்கிள் ஃபோர்க்குக்கான 20 வெயிட் எண்ணெய், நானும் அதுதான். பிளக்கின் மரை தொடங்கும் இடத்துக்குக் கீழே நிறுத்திவிடுங்கள், விளிம்புவரை ஊற்றக்கூடாது. பிரேக் எண்ணெயைத் தப்பித் தவறிக்கூட ஊற்றாதீர்கள். கெட்டியான எண்ணெய் ஊற்றினால் ஷாக் உயிர் பெற்றுவிடும் என்று யாராவது சொல்வார்கள். கியர் எண்ணெய் ஊற்றி விற்பனைக்கு வரும் கார்களையே பார்த்திருக்கிறேன். வாங்குகிறவர் ஓட்டிப் பார்க்கும் பத்து நிமிடம் நன்றாக இருக்கும். குளிர் காலையில் கல்லாக இறுகும், தேய்ந்த ஷாஃப்ட் வழியாக அதுவும் மெல்லக் கசியும்.

உங்கள் ஷாக் வெளியே நனைந்தே கிடப்பதால் எண்ணெய் ஊற்றிச் சமாளிக்கும் காலம் தாண்டிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மீட்டெடுத்த ஷாக் வாங்க வேண்டும். இங்கேதான் நான் பணத்தை விட்டேன். விலை பார்த்து ஒரு ஜோடி வாங்கினேன், கருப்புப் பெயிண்ட் பளபளவென்று இருந்தது, பெட்டியில் 'முழுமையாகப் புதுப்பிக்கப்பட்டது' என்று லேபிள். ஆறு மாதத்தில் வலது பக்கம் கசிய ஆரம்பித்தது. ஆத்திரத்தில் கழற்றி வைஸில் மாட்டி ஷாஃப்டை ஆட்டிப் பார்த்தேன், கடைவாய்ப் பல் மாதிரி ஆடியது. செய்தது என்னவென்றால் கழுவி, புது எண்ணெய் ஊற்றி, பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். அவ்வளவுதான். யாரிடம் வாங்கினேன் என்று கேட்காதீர்கள், அது முக்கியமில்லை. விற்பவரிடம் நீங்கள் கேட்க வேண்டிய கேள்விதான் முக்கியம். "ஷாஃப்ட் போகும் துளையைக் கடைந்து பெரிதாக்கி புஷ் அல்லது பேரிங் போடுகிறீர்களா? சீல் புதிய வகையா?" ஆர்ம்ஸ்ட்ராங் முதலில் செய்தபோது அந்த ஷாஃப்ட் பெட்டியின் உலோகத்திலேயே நேரடியாகச் சுழன்றது, தேய்ந்தால் பெட்டியே தேய்ந்த மாதிரி. ஒழுங்கான பட்டறைக்காரர்கள் துளையைப் பெரிதாக்கி உள்ளே புஷ் இறக்கி, இன்றைய தரத்து சீல் போடுவார்கள். இந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்கிறவரிடம் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் வாங்குங்கள். சுற்றி வளைத்தால் போனை வைத்துவிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் மாற்றாதீர்கள், ஜோடியாகத்தான்.

இனி வேலை. ஸ்பேனர் எல்லாம் அங்குலக் கணக்கு, ஏஎஃப் அளவு. மில்லிமீட்டர் ஸ்பேனர் ஏறக்குறைய பொருந்தும், அந்த ஏறக்குறையில்தான் போல்ட்டின் தலை உருண்டுபோகும். முந்தின நாள் இரவே, ட்ரனியனைக் கைகளோடு கோத்திருக்கும் மேல் பின்னின் நட்டுக்கும், கையைக் கவ்விப் பிடிக்கும் கிளாம்ப் போல்ட்டுக்கும், அந்த நான்கு போல்ட்டுக்கும் துருப்பிடிப்பை இளக்கும் எண்ணெயைத் தாராளமாக அடித்துவிடுங்கள்.

சக்கர நட்டைத் தளர்த்தி, கிராஸ்மெம்பரைத் தூக்கி, இரண்டு பக்கமும் ஆக்சில் ஸ்டாண்டு வைத்து, சக்கரத்தைக் கழற்றுங்கள். இப்போது சக்கரம் இல்லாமல் சஸ்பென்ஷன் கீழே தொங்கும். தொங்குகிறதே, ஸ்பிரிங் விரிந்துவிட்டது என்று நினைத்தால் பெரிய தவறு. காயில் ஸ்பிரிங் இன்னும் அழுத்தத்திலேயே இருக்கிறது. அதை அடக்கி வைத்திருப்பது எது தெரியுமா? நீங்கள் கழற்றப் போகும் அந்த ஷாக்கின் கைதான். கை கீழே போகாமல் தடுப்பது கிராஸ்மெம்பரில் இருக்கும் ஒரு ரப்பர் முட்டு. இந்த நிலையில் மேல் பின்னை உருவினால் கீழ் விஷ்போன் முழு விசையோடு கீழே அறையும், ஸ்பிரிங் பிய்த்துக்கொண்டு வெளியே வரும், நடுவே உங்கள் கை இருந்தால் அதன் கதி அவ்வளவுதான். அதனால் ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்னால் ட்ராலி ஜாக்கியைக் கீழ் விஷ்போனின் நடுவே, ஸ்பிரிங் உட்கார்ந்திருக்கும் தட்டுக்கு அடியில் வைத்து மெல்லத் தூக்குங்கள். ஷாக்கின் கை அந்த ரப்பர் முட்டிலிருந்து ஒரு விரற்கடை விலகியதும் நிறுத்துங்கள். அதற்கு மேல் தூக்கினால் லேசான கார் ஸ்டாண்டை விட்டே எழும்பிவிடும். திரும்பப் பூட்டும் நேரம் வரும்வரை அந்த ஜாக்கியை யாரும் தொடக்கூடாது.

என் முதல் முயற்சியில் ஒன்று நடந்தது. பழைய ஜாக்கி, அதன் சீலே சரியில்லை என்பது எனக்குத் தெரியாது. பின்னை உருவி, ஷாக்கைக் கழற்றி, டீ குடிக்கப் போய்விட்டு வந்து பார்த்தால், போகும்போது கைப்பிடி அளவு இருந்த இடைவெளி ஒரு சாண் ஆகியிருக்கிறது. ஜாக்கி தூங்கித் தூங்கி இறங்கிக்கொண்டிருக்கிறது, ஸ்பிரிங் தன் பாட்டுக்கு விரிந்துகொண்டிருக்கிறது. வேர்த்துவிட்டது. அன்றிலிருந்து ஜாக்கியை வைத்துத் தூக்கிய பிறகு அந்தத் தட்டுக்கு அடியில் இன்னொரு ஸ்டாண்டையும் முட்டுக்கொடுத்து வைக்காமல் பின்னைத் தொடுவதில்லை. எதிர்வீட்டு அண்ணன் அதற்கு மேலே ஒரு மரக்கட்டையும் சொருகுவார். சிரிக்கத் தோன்றும், சிரிக்காதீர்கள்.

அடுத்து, மேல் பின்னின் ஸ்பிளிட் பின்னை எடுத்து நட்டைக் கழற்றுங்கள். ஒரு கையை ஷாஃப்டோடு கவ்வியிருக்கும் கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்தினால் இரண்டு கைகளும் கொஞ்சம் அகலும், அப்போதுதான் நடுவே இருக்கும் ட்ரனியன் வெளியே வர இடம் கிடைக்கும். இதைத் தெரியாமல் நெம்புகோலை விட்டு அகட்டி, கையை வளைத்தவர்கள் உண்டு. பின் சுலபத்தில் வராது. நட்டை மரையின் நுனிவரை திருப்பி விட்டு, பித்தளைக் கம்பி வைத்துத் தட்டுங்கள். வெறும் சுத்தியலால் மரையில் அடித்தால் திரும்பப் பூட்ட முடியாது. பின் வந்ததும் ஹப் முழுவதும் வெளிப்பக்கம் சாயும், பிரேக் காலிப்பரும் கூடவே சாயும், அந்தக் கனம் முழுக்க பிரேக் ஹோஸில் தொங்கும். சாய்வதற்கு முன்பே ஒரு கட்டுக்கம்பி போட்டு மேலே கட்டிவிடுங்கள்.

ஹப் இப்படிக் கழன்று நிற்கும் நேரம் திரும்பக் கிடைக்காது, அதனால் கிங் பின்னைத் திருப்பிப் பாருங்கள், ஆட்டிப் பாருங்கள். ஒரு பக்கத்துக்கு மூன்று கிரீஸ் நிப்பிள், 3,000 மைலுக்கு ஒருமுறை கிரீஸ் அடிக்க வேண்டும் என்பது விதி. முன்னால் வைத்திருந்தவர் அடித்தாரா இல்லையா என்பது இப்போது தெரிந்துவிடும். மேல் ட்ரனியனின் ரப்பர் புஷ்ஷை நன்றாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள், விலை ஒன்றுமில்லை, மறுபடி இதே இடத்துக்கு வர யார் தயார்? அந்த ரப்பர் முட்டையும் பாருங்கள், எண்ணெய் ஊறி ஊறி அல்வா மாதிரி ஆகியிருக்கும்.

நான்கு போல்ட்டையும் எடுத்தால் ஷாக் கையில் வரும். நினைத்ததைவிடக் கனம், கால் பெருவிரலை ஒதுக்கி வையுங்கள். போல்ட் இறங்கும் மரை கிராஸ்மெம்பரில் இருக்கிறது, அது போனால் தலைவலி, ஆகவே மரை வெட்டும் டேப் விட்டு மரையைச் சுத்தம் செய்து, உட்காரும் பரப்பில் பெயிண்ட் திட்டோ துருவோ இல்லாமல் சுரண்டிவிடுங்கள்.

புது ஷாக்கை அப்படியே மாட்டக்கூடாது. தபாலில் படுத்தும் புரண்டும் வந்திருக்கும், உள்ளே காற்று போயிருக்கும். வைஸில் நிமிர்த்தி மாட்டி, பிளக்கைத் திறந்து, கையை மேலிருந்து கீழ்வரை முழு வீச்சில் நிதானமாக எட்டுப் பத்து முறை ஆட்டுங்கள். முதலில் அங்கங்கே சொத்தென்று விட்டுக்கொடுக்கும், அது காற்று. எண்ணெய் குறையக் குறைய ஊற்றி ஆட்டிக்கொண்டே இருந்தால், ஒரு கட்டத்தில் ஆட்டுக்கல்லில் நன்றாக அரைபட்ட மாவைச் சுற்றுவதுபோல இரண்டு திசையிலும் ஒரே சீராகக் கனம் தெரியும். அந்தக் கனம் கைக்குத் தெரிந்துவிட்டால் அப்புறம் எந்த ஷாக்கையும் நீங்களே சோதிக்கலாம். எவ்வளவு ஆட்டியும் ஒரு இடத்தில் மட்டும் வெற்றாகப் போகிறது என்றால், மாட்டாமலே திருப்பி அனுப்புங்கள். தேறியதென்றால் பிளக்கை மூடி, காரில் ஏறும்வரை நிமிர்ந்த நிலையிலேயே தூக்கிக்கொண்டு போங்கள்.

பூட்டுவது கழற்றியதன் தலைகீழ்தான், சொல்ல அதிகமில்லை. நான்கு போல்ட்டையும் கையால் முழுக்க இறக்கிய பிறகே ஸ்பேனர், கடைசியில் டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்): 43 முதல் 45 பவுண்டு-அடி, நியூட்டன் மீட்டர் கணக்கில் 60 பக்கம். ஹப்பைத் தூக்கி ட்ரனியனைக் கைகளுக்கு நடுவே பொருத்த ஜாக்கியைக் கொஞ்சம் ஏற்றி இறக்க வேண்டிவரும், இதற்கு மட்டும் இரண்டாவது ஆள் இருந்தால் நல்லது. மேல் நட்டையும் கிளாம்ப் போல்ட்டையும் முதலில் பாதி இறுக்கிவிட்டு, சக்கரம் மாட்டி, காரைத் தரையில் இறக்கி, முன்னும் பின்னும் உருட்டி உட்கார வைத்த பிறகு முழுக்க இறுக்குங்கள். தொங்கிய நிலையிலேயே இறுக்கினால் ரப்பர் புஷ் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும். ஸ்பிளிட் பின் துளை நேராக வரவில்லை என்றால் நட்டைப் பின்னால் தளர்த்தாதீர்கள், நட்டின் அடுத்த வெட்டுவரை முன்னால் இறுக்குங்கள். பழைய ஸ்பிளிட் பின்னை நிமிர்த்தித் திரும்பப் போடும் கஞ்சத்தனம் வேண்டாம்.

பின்பக்கம் இதில் கால்வாசி வேலைகூட இல்லை. அங்கே லீஃப் ஸ்பிரிங்கும் ஆக்சிலும் தங்களைத் தாங்களே தாங்கிக்கொள்ளும், ஷாக் ஷாக்காக மட்டும் இருக்கிறது. பெட்டி இரண்டு போல்ட்டில் சேஸிஸில் நிற்கிறது, ஒரு சின்ன லிங்க் கையை ஆக்சிலின் அடித்தட்டோடு இணைக்கிறது. லிங்க் நட்டைக் கழற்றி, மறுபக்கம் நட்டை ஒரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு இரண்டு போல்ட்டையும் எடுத்தால் முடிந்தது. இறுக்கம் 55 முதல் 60 பவுண்டு-அடி. இடது வலது வேறு வேறு, ஆர்டர் செய்யும்போது பாருங்கள். லிங்க்கின் இரு முனையிலும் ரப்பர் ஒட்டிய புஷ் இருக்கும், பின்பக்கம் 'கடகட' என்று சத்தம் வந்தால் முதல் சந்தேகம் அதன்மேல்தான், ஷாக்கோடு சேர்த்துப் புதிய லிங்க்கும் போடுங்கள். டெலஸ்கோபிக் போட்டே தீரவேண்டும் என்று உங்கள் நண்பர் நச்சரித்தால் பின்பக்கம் மட்டும் போடலாம், அங்கே அது நியாயமான மாற்றம். சஸ்பென்ஷன் முழுக்க இறங்கும்போதும் ஏறும்போதும் குழாய் எங்கேயும் முட்டாமல் இருக்கிறதா என்று ஆக்சிலை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டுப் போடுங்கள். ஆனால் அதற்கு முன்னால் ஆக்சிலைப் பிடிக்கும் ரீபவுண்ட் ஸ்ட்ராப் இற்றுப்போயிருக்கிறதா என்று பாருங்கள். அந்த ஸ்ட்ராப் அறுந்திருந்தால் ஆக்சில் இறங்கும் அதிர்ச்சியை எல்லாம் ஷாக்தான் வாங்கும், லீவர் ஆனாலும் டெலஸ்கோபிக் ஆனாலும் சாகும்.

இன்னொன்று. 2018 மே மாதத்திலிருந்து நாற்பது வருடம் தாண்டிய, பெரிதாக மாற்றம் செய்யாத கார்களுக்கு இங்கே எம்ஓடி சோதனை (வருடாந்திரத் தகுதிச் சோதனை) கட்டாயமில்லை. அதனால் உங்கள் காரின் அடியை கடைசியாக ஒரு மூன்றாம் மனிதர் எப்போது பார்த்தார் என்பதே தெரியாது. வேலை முடிந்து நூறு மைல் ஓட்டியதும் எல்லா போல்ட்டையும் மறுபடி டார்க் பாருங்கள், ஷாஃப்ட் ஓரத்தில் வெள்ளைத் துணியால் துடைத்துக் கசிவு பாருங்கள், அப்புறம் காசு கொடுத்து ஒரு எம்ஓடி போட்டுவிடுங்கள்.

பழைய ஷாக்கைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். மீட்டெடுப்பவர்களுக்கு அந்தப் பெட்டிதான் மூலப்பொருள், பழையதைத் திருப்பித் தருவதற்காக அவர்கள் வாங்கி வைத்த எக்ஸ்சேஞ்ச் முன்பணம் திரும்பக் கிடைக்கும். அனுப்புவதற்கு முன்னால் எண்ணெயை முழுக்க வடித்து, பிளக்கை இறுக்கி, பிளாஸ்டிக் பையில் சுற்றுங்கள், கசியும் பெட்டியைக் கூரியர்காரர் தொடமாட்டார். முன்பக்கத்தைக் கழற்றிய அன்று கிங் பின் ஆட்டம் எவ்வளவு இருந்தது என்று எழுதுங்கள். நிறைய இருந்தால் ஷாக்கைத் திரும்பப் பூட்டாமல் அப்படியே நிறுத்துங்கள், அதையும் சேர்த்து முடித்துவிடலாம், ஆனால் அதற்கு இன்னொரு சனிக்கிழமையும், புஷ்ஷை அழுத்தி இறக்க ஒரு பிரஸ்ஸும், துளையைச் சீராக்க ரீமரும் வேண்டும்.